புத்தகத்தை மூடச் சொல்லுங்கள், டீச்சர்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. 9, 10 வகுப்புகளுக்கு எடுக்கிறேன். போன மாதம் ‘மூளை சார்ந்த கற்பித்தல்’ என்று இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இடது மூளை, வலது மூளை, பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர், பாடத்தைக் கிளை கிளையாக வரையும் மைண்ட் மேப், மோட்சார்ட் இசை என்று நிறையச் சொன்னார்கள். அவர்கள் தந்த கேள்வித்தாளை வைத்து என் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தேன். பத்தாம் வகுப்பில் 11 பேர் வலது மூளைக்காரர்கள் என்று வந்தது. அவர்களுக்குக் கணக்கும் இயற்பியலும் ஏன் ஏறவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

என் பிரச்சினை இதுதான். வகுப்பில் கேட்டால் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். பாடம் முடித்த அன்று வைக்கும் ஸ்லிப் டெஸ்டில் நல்ல மார்க் வருகிறது. காலாண்டில் பாதி காணாமல் போகிறது. அரையாண்டில் அந்தப் பாடமே நடத்தாத மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறோம். மாலை ஆறு மணி வரை நானே உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிறேன், தப்பை 10 முறை எழுத வைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பயிற்சி நடத்தியவர்கள் ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்பும் வைத்திருக்கிறார்கள். கட்டணம் 18,000 ரூபாய். மூளை அறிவியலை முறையாகக் கற்றுக்கொள்ள அதில் சேரலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள டீச்சர்,

“வகுப்பில் கேட்டால் எல்லோரும் பதில் சொல்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் அது. வகுப்பறையில் பளிச்சென்று தெரியும் பதிலுக்கும் பிள்ளையிடம் தங்கும் படிப்புக்கும் உள்ள தூரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன், நீங்கள் கடிதம் போட்டுவிட்டீர்கள். அதற்கு வருவதற்கு முன் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

11 பிள்ளைகளுக்கு வலது மூளை என்று எந்த உரிமையில் முத்திரை குத்தினீர்கள்? இந்தக் கதை கிளம்பிய இடம் மூளை ஆய்வாளர் ராஜர் ஸ்பெர்ரியின் வேலை. அவர் ஆராய்ந்தது, கடுமையான வலிப்புக்காக மூளையின் இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றையை அறுவை செய்து துண்டித்துக்கொண்ட நோயாளிகளை. 1981இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். உங்கள் வகுப்பில் யாருக்கும் அந்தக் கற்றை துண்டிக்கப்படவில்லை. பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கத்தைச் சார்ந்திருக்கிறது என்பது போன்ற வேலைப் பிரிவினை உண்மைதான். ஆனால் ஒரு முழு மனிதர் இடப்பக்கக்காரர், இன்னொருவர் வலப்பக்கக்காரர் என்று பிரியும் ஆதாரம் இல்லை. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் 7 முதல் 29 வயது வரையிலான 1,011 பேரின் மூளைப் படங்களை இதற்காகவே அலசினார்கள். அப்படிப்பட்ட ஆட்கள் அகப்படவில்லை. அந்த 11 பேருக்கு இயற்பியல் ஏறாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. காரணம் கிடைத்ததும் நீங்கள் தேடுவதை நிறுத்திவிட்டீர்கள். அந்தக் கேள்வித்தாளை இன்றே கிழித்துப் போடுங்கள். யாருக்கு எந்த மூளை என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால், தவறு என்று அதே வகுப்பில் நின்று சொல்லிவிடுங்கள்.

பார்ப்பவர், கேட்பவர், செய்பவர் கதையும் அதே ரகம். அது உண்மையாக இருக்க வேண்டுமானால், ‘பார்ப்பவருக்கு’ப் படம் காட்டினால் அதிகமும் சொல்லிக் கொடுத்தால் குறைவும் வர வேண்டும், ‘கேட்பவருக்கு’ இது தலைகீழாக வர வேண்டும். 2008இல் ஹெரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, இப்படித் தலைகீழாவதை முறையாகக் காட்டிய சான்று இல்லாத அளவுக்குச் சொற்பம் என்று சொல்லிவிட்டார்கள். இதயத்தின் நான்கு அறைகளை எல்லாப் பிள்ளைகளும் படத்தில்தான் பார்க்க வேண்டும். இதயத் துடிப்பின் ‘லப் டப்’பை எல்லாப் பிள்ளைகளும் காதால்தான் கேட்க வேண்டும். எது எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதைப் பாடம்தான் தீர்மானிக்கிறது.

மோட்சார்ட்டை விடுங்கள். அந்த இசையைக் கேட்டதும் வடிவப் புதிர்களைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள் என்று 1993இல் 36 கல்லூரி மாணவர்களிடம் கண்ட, கால் மணி நேரம்கூட நிற்காத ஒரு விளைவு அது. 18,000 ரூபாயைக் கட்டாதீர்கள். அந்தப் பணத்துக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால் வெள்ளைத்தாள் என்பேன், அதுவும் அவ்வளவு தேவைப்படாது.

மைண்ட் மேப்பை மட்டும் முழுக்கத் தள்ள மாட்டேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு வண்ணத்தில் வரைவது சித்திரம். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைந்து, பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் சேர்ப்பது படிப்பு. 2011இல் கார்ப்பிக், பிளண்ட் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். புத்தகத்தைப் பார்த்து மைண்ட் மேப் போன்ற கருத்துப்படம் வரைந்தவர்களைவிட, படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து நன்றாகச் செய்தார்கள். இறுதித் தேர்வே கருத்துப்படம் வரைவதாக இருந்தபோதும் அவர்களே முந்தினார்கள். எது நன்றாக நிற்கும் என்று மாணவர்களை முன்கூட்டியே கணிக்கச் சொன்னபோது அவர்கள் தவறாகவே கணித்தார்கள்.

அந்தத் தவறான கணிப்பில்தான் உங்கள் காலாண்டு, அரையாண்டு நஷ்டமெல்லாம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள்.

2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறு பத்திகள் கொடுத்தார்கள். ஒருமுறை ஏழு நிமிடம் படித்துவிட்டு இன்னொரு ஏழு நிமிடம் மறுபடி படிப்பது ஒரு முறை. ஏழு நிமிடம் படித்துவிட்டு, பத்தியைப் பார்க்காமல் நினைவில் நிற்பதை எழுதுவது இன்னொரு முறை. எழுதியது சரியா தப்பா என்றுகூட யாரும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. இரண்டு நாள் கழித்து 54, 68. ஒரு வாரம் கழித்து 42, 56.

முதல் ஜோடி எண்களை மறுபடி பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஜெயித்தது மறுவாசிப்பு. நீங்கள் பாடம் முடித்த அன்றே ஸ்லிப் டெஸ்ட் வைக்கிறீர்கள் அல்லவா? அந்த 81ஐத்தான் அளக்கிறீர்கள். பிள்ளைக்கும் அந்த 81தான் தெரிகிறது, ‘படித்துவிட்டேன்’ என்ற நம்பிக்கை அதிலிருந்து வருகிறது. வகுப்பைப் பார்வையிட வரும் அதிகாரியும் அதையே பார்த்துவிட்டுப் போகிறார். எல்லோரும் சேர்ந்து ஏமாறும் இடம் இது. மாலை ஆறு மணி வரை பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘திரும்பத் திரும்பப் படி’ என்று நீங்கள் உழைக்கும் உழைப்பு முழுவதும் அந்த 81க்குப் போகிறது. உங்கள் மீது எனக்குள்ள மரியாதையில்தான் சொல்கிறேன், அந்த உழைப்பில் பாதியைக் குறைத்துவிட்டாலும் பலன் கூடும்.

கணக்கில் இது இன்னும் கொடூரம். ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு காணச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒரே வகைக் கணக்குகளை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது. மற்றொன்று நான்கையும் கலந்து போட்டது. பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 சதவீதம் சரி, கலந்து போட்டது 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் வகைவாரிக் குழு 20, கலந்தது 63. உங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியரிடம் இந்த நான்கு எண்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்பரப்புப் பயிற்சியில் எல்லாமே புறப்பரப்பு, கன அளவுப் பயிற்சியில் எல்லாமே கன அளவு. எந்தச் சூத்திரம் என்று பிள்ளை ஒருமுறைகூட யோசிக்க வேண்டியதில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. பொதுத்தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது. கூடாரத்துக்குத் துணி எவ்வளவு வேண்டும் என்று வந்தால், கூம்பின் வளைபரப்பா, மொத்தப் புறப்பரப்பா, கன அளவா என்று முடிவெடுக்கும் திறமையைத்தான் பயிற்சியில் ஒருநாளும் பழக்கவில்லை. செய்ய வேண்டியது எளிது. வீட்டுப்பாடம் 6 கணக்கு என்றால் 3 இன்றைய பயிற்சியிலிருந்து, 2 போன வாரப் பாடத்திலிருந்து, 1 ஒரு மாதம் முந்தியதிலிருந்து. வரிசையையும் கலைத்துக் கொடுக்க வேண்டும்.

இதிலெல்லாம் மூளை எங்கே என்று கேட்பீர்கள். நான் சொன்ன எதற்கும் ஸ்கேன் இயந்திரம் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தாள், பேனா, கடிகாரம், பொறுமை. மனம் எப்படிக் கற்கிறது, நினைவில் வைக்கிறது என்று ஆராயும் அறிதல் உளவியல்காரர்கள் இப்படித்தான் வேலை பார்த்தார்கள். நரம்பியலிலிருந்து நேராக வகுப்பறைக்குப் பாலம் போட முடியாது, நடுவில் உளவியல் என்ற தூண் வேண்டும் என்று ஜான் புரூவர் 1997லேயே எழுதினார். ஆனால் ‘மூளை’ என்ற சொல்லுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. 2008இல் டீனா வைஸ்பெர்க் குழுவினர் மோசமான விளக்கங்களில் சம்பந்தமே இல்லாத ஒரு மூளை வாக்கியத்தைச் செருகிக் காட்டினார்கள். துறை வல்லுநர்கள் ஏமாறவில்லை. சாதாரண மக்களும், நரம்பியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த மாணவர்களும்கூட அந்த விளக்கத்தைத் திருப்தியானது என்றார்கள். உங்கள் பயிற்சியாளர்களின் வருமானம் அந்தச் செருகலில் இருக்கிறது.

சரி, வகுப்புக்கு வருவோம். ஸ்லிப் டெஸ்ட் நம் ஊர்ப் பள்ளிகளின் அருமையான கருவி. அதை மார்க் போடும் கருவியாக்கிக் கெடுத்துவைத்திருக்கிறோம். நான் சொல்வது வேறு மாதிரி.

பீரியடின் முதல் ஆறு நிமிடம். வருகைப் பதிவு அப்புறம். நீங்கள் உள்ளே நுழையும்போது கரும்பலகையில் 5 கேள்விகள் இருக்க வேண்டும். புத்தகம், நோட்டு இரண்டும் பைக்குள். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று நிமிடம் பேசாமல் எழுத வேண்டும், எல்லோரும். நாலாவது நிமிடத்திலிருந்து நீங்கள் விடையைச் சொல்லிப் பலகையில் எழுத, அவரவர் தாளை அவரவரே வேறு மையால் திருத்த வேண்டும். பிறகு கேள்விக்குக் கேள்வி ‘சரியாக எழுதியவர்கள் கை தூக்குங்கள்’ என்று எண்ணிக்கொள்ள வேண்டும். மார்க் கிடையாது, பதிவேடு கிடையாது, பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போடுவது கிடையவே கிடையாது.

மின்னோட்டவியலில் பக்க இணைப்பு நடத்திய மறுநாளுக்கு ஒரு தாள் போட்டுக் காட்டுகிறேன். முதல் கேள்வி: 2 ஓம், 3 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் உள்ளன, தொகுபயன் மின்தடை 2 ஓமைவிடக் கூடுமா குறையுமா, ஏன்? இரண்டாவது: ஓம் விதி பொருந்த எது மாறாமல் இருக்க வேண்டும்? இவை நேற்றையவை. மூன்றாவதும் நான்காவதும் ஒளியியல், சென்ற வாரத்துக்கு முந்தியது: குவிலென்சின் ஒளியியல் மையத்துக்கும் முதன்மைக் குவியத்துக்கும் நடுவில் பொருளை வைத்தால் பிம்பம் எப்படி இருக்கும்? கிட்டப்பார்வைக்கு எந்த லென்ஸ், ஏன் மற்றது ஆகாது? ஐந்தாவது மூன்று வாரத்துக்கு முந்தைய இயக்க விதிகள்: பஸ் சட்டென்று நின்றால் நிற்பவர் ஏன் முன்னால் சாய்கிறார்? ‘வரையறு’ என்று ஒன்றுகூட இல்லை என்பதைப் பாருங்கள். வரையறையை ஒப்பிக்கும் பிள்ளை இரண்டாவது கேள்வியில் ‘வெப்பநிலை’ என்று எழுதத் திணறும். முதல் கேள்விக்குப் பலர் 2ஐயும் 3ஐயும் கூட்டி 5 ஓம், கூடும் என்று எழுதுவார்கள். சரியான விடை 1.2 ஓம். பாதை ஒன்று கூடியதால் மின்னோட்டம் எளிதாகப் போகிறது என்பதை அந்த இடத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்ன உபாயம். விடை சொல்வதற்கு முன், தனக்கு உறுதியாகத் தெரிந்த விடைக்குப் பக்கத்தில் பிள்ளை ஒரு நட்சத்திரம் போடட்டும். நட்சத்திரம் போட்டுத் தப்பாகிப்போன விடைதான் திருத்தியதும் ஆழமாகப் பதிகிறது என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் காட்டினார்கள். அதிர்ச்சி கவனத்தைத் திருப்புகிறது. அதற்கு விடை உடனே தெரிய வேண்டும். தாளை வாங்கிக்கொண்டு போய் வியாழக்கிழமை திருப்பிக் கொடுத்தால் அந்த அதிர்ச்சி ஆறிப்போய்விடும்.

எந்தக் கேள்வி எப்போது திரும்பி வர வேண்டும்? 2008இல் செபெடா குழுவினர் 1,350க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். படித்த பிறகு எத்தனை நாள் இடைவெளி விட்டு மறுபடி பார்த்தால் நன்றாக நிற்கும் என்பது கேள்வி. மறுபார்வைக்கு 7 நாள் கழித்துத் தேர்வு என்றால் 1 நாள், 35 நாள் கழித்து என்றால் 11 நாள், 70 நாளுக்கும் 350 நாளுக்கும் 21 நாள் இடைவெளி சிறந்ததாக வந்தது. ஜூலையில் நடத்திய பாடம் மார்ச்சில் நிற்க வேண்டிய நமக்கு, மறுநாள் ஒருமுறை, பத்து நாளில் ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் சரி. ஜனவரியில் ரிவிஷன் தொடங்குவது என்ற நம் வழக்கம், மறந்து முடித்த பிறகு மறுபடி முதலிலிருந்து நடத்துவது. எபிங்ஹாஸ் 1885இலேயே காட்டிய மறதிக் கோடு முதல் ஒரு நாளுக்குள்தான் செங்குத்தாக இறங்குகிறது, அப்புறம் சாவகாசமாகப் போகிறது.

இதற்கு உங்களிடம் ஒரு நோட்டு இருந்தால் போதும். பாடம் முடிந்ததும் அன்றைக்கே 5 கேள்வி எழுதி வையுங்கள். மறுநாள் எழுத உட்கார்ந்தால் வராது. பக்கத்தில் மூன்று கட்டம்: கேட்ட தேதி, சரியாக எழுதியவர் எண்ணிக்கை, அடுத்துக் கேட்க வேண்டிய தேதி. 40 பேரில் 20 கைக்குக் குறைவாக எழுந்தால் அந்தப் பகுதியை ஐந்து நிமிடம் மறுபடி நடத்தி, இரண்டு நாளில் திரும்பக் கேளுங்கள். 35 கை எழுந்தால் மூன்று வாரம் தள்ளிப் போடலாம். ஐந்தில் மூன்று கேள்வியாவது பெரும்பாலோருக்கு வரும்படி கேள்விகளை வைக்க வேண்டும். ஒன்றுமே நினைவுக்கு வராத பிள்ளை எதையும் பலப்படுத்திக்கொள்வதில்லை, வெறும் அவமானத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

எங்கெங்கே கெடும் என்றும் சொல்கிறேன். முதலாவது கோரஸ். நீங்கள் ‘ஒளிச்சேர்க்...’ என்று இழுக்க, வகுப்பு முழுக்க ‘...கை!’ என்று முடிக்கும். தமிழ்நாட்டில் இதைச் செய்யாத ஆசிரியரை விரல் விட்டு எண்ணிவிடலாம். ‘எல்லோரும் பதில் சொல்கிறார்கள்’ என்று நீங்கள் எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன். முன் பெஞ்சில் நாலு பேர் சொல்வார்கள், மற்றவர்கள் கால் நொடி பிந்தி வாயசைப்பார்கள். சொல்பவர்கள்கூட உங்கள் வாயிலிருந்து வந்த ஆறெழுத்துக்கு வால் ஒட்டுகிறார்கள், நினைவிலிருந்து எதையும் எடுப்பதில்லை. அந்த அரைச்சொல் இழுப்பை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். வகுப்பு பயங்கர நிசப்தமாக இருக்கும், பயப்படாதீர்கள்.

அடுத்தது இம்போசிஷன். தப்பை 10 முறை எழுதச் சொல்கிறீர்களே, பிள்ளை எப்படி எழுதுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதல் சொல்லைப் பத்து வரிக்கும் கீழே கீழே எழுதும். அப்புறம் இரண்டாம் சொல் பத்து முறை. அது வாக்கியமே இல்லை, கோலம். அதற்குப் பதிலாக ஒருமுறை பார்க்கட்டும், மூடட்டும், எழுதட்டும், திறந்து சரிபார்க்கட்டும். இரண்டு நாள் கழித்து இன்னொரு தரம். மொத்தமே நாலு வரி.

ஒரு மதிப்பெண் கேள்வியையே தினம் கொடுக்காதீர்கள். நாலு விடையில் தப்பானதைத் தேர்ந்த பிள்ளைக்கு அந்தத் தப்பு நினைவில் உட்கார்ந்துவிடுகிறது, ரோடிகரும் மார்ஷும் 2005இல் இதையும் சோதித்திருக்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உடனுக்குடன் விடை சொல்லுங்கள், மற்ற மூன்றும் ஏன் இல்லை என்பதையும் சேர்த்து.

பயம்தான் மிக மோசமாகக் கெடுப்பது. கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்து, முன்பு படித்ததை நினைவுகூரச் சொன்னபோது நினைவுகூரல் குறைந்ததை டி கர்வைன் குழு 2000இல் காட்டியது. பயந்த உடம்பு தானே சுரப்பதும் அதன் உறவுக்காரப் பொருள்தான். பிரம்போடு நின்று கேட்டால் தெரிந்த பிள்ளைக்கும் வராது, வராததைத் தெரியாதது என்று நீங்கள் குறித்துக்கொள்வீர்கள். மார்க் வேண்டாம் என்று அடித்துச் சொல்வது அதனால்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் கொலம்பியா நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு அறிவியலில் இத்தகைய சிறு வினாக்களை வைத்துப் பார்த்தார்கள். வினா வைத்த பகுதிகளில் தேர்வு மதிப்பெண் 92, வைக்காத பகுதிகளில் 79. அங்கே பிள்ளைகள் கையில் பொத்தான் கருவி வைத்திருந்தார்கள். நமக்கு ரஃப் நோட்டு போதும்.

ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்த வரி மனசில் தைத்தது. மூளை அறிவியலுக்கு உண்மையிலேயே சொல்ல இருப்பது இங்கேதான். மனதில் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது ஏறக்குறைய நாலு துண்டு என்கிறார் உளவியலாளர் நெல்சன் கோவன். ‘ஒரு கடத்தியின் மின்தடை அதன் நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்’ என்ற வாக்கியத்தில் அந்தப் பிள்ளை நே, ர், வி, கி என்று ஏறிக்கொண்டிருக்கும்போது கடத்தி என்ற சொல்லே கையைவிட்டுப் போயிருக்கும். இயற்பியல் புரியாததாக உங்களுக்குத் தெரியும். கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டி வாயால் பதில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு இயற்பியல் வரலாம்.

பிறகு ஒரு வேலை செய்யுங்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம். உகர, ஊகார வரிசை 36 எழுத்தையும் வரிசை கலைத்து ஒரு தாளில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். கு, டு, து, பு, ழு என்று ஒவ்வொன்றும் வேறு மாதிரி வளைவதால் நம் எழுத்தில் சிக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். அடுத்தது எகர, ஒகர வரிசைகள். ‘கொ’வில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, காதுக்கு முதலில் கேட்பது ககரம். 247 எழுத்தில் எந்த 20இல் நிற்கிறான் என்று தெரிந்தால் அந்த 20ஐ மட்டும் தினம் பத்து நிமிடம் பழக்கினால் போதும், அ ஆவிலிருந்து தொடங்கி அவனைக் கேவலப்படுத்த வேண்டாம். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்து முறைகளில் எழுத்துகளைக் கற்று முடிக்கவே நாலாம், ஐந்தாம் வகுப்பு வரை ஆகிறது என்று காட்டியிருக்கிறார். நாம் ஒன்றாம் வகுப்போடு முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். வயதாகிவிட்டதே என்ற கவலையும் வேண்டாம். 2010இல் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் குழு பிரேசில், போர்ச்சுகல் நாட்டவரை ஸ்கேன் செய்தபோது, பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கும் மூளையின் இடப்புறப் பின்பகுதியில் எழுத்தை அடையாளம் காணும் பகுதி மாறியிருந்தது. 14 வயது ஒரு வயதா?

ஏழரை மணி ஸ்பெஷல் கிளாஸை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இருக்காது, தெரியும். அந்த வயதில் உறக்கக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். எட்டரைக்கு முன்னால் பள்ளி வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் சொல்லிவிட்டது, கலிபோர்னியா 2022இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியது. நம் பிள்ளை அஞ்சு மணிக்கு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறது. பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்ளும் வேலையில் கணிசமான பங்கு தூக்கத்தில் நடக்கிறது. தலைமையாசிரியரிடம் கேட்டு வாரத்தில் இரண்டு நாளாவது மாலைக்கு மாற்றப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த நேரத்தில் புதுப் பாடம் எடுக்காதீர்கள்.

தலைமையாசிரியர் ‘ஸ்லிப் டெஸ்ட் மார்க் எங்கே’ என்று கேட்பார். கேள்வி நோட்டைக் காட்டுங்கள். தேதியும் கை எண்ணிக்கையும் அதில் இருக்கும், மார்க் பதிவேட்டைவிட அதில் விஷயம் அதிகம். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் முனகுவார்கள், எண்ணிக்கை அசிங்கமாக இருக்கும், பக்கத்து வகுப்பில் கோரஸ் கம்பீரமாகக் கேட்கும். அந்தச் சமயத்தில் மனம் மாறிப் பழையபடி ‘ஒளிச்சேர்க்...’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பஸ் கேள்வியை மட்டும் அக்டோபரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் கேட்டு, எத்தனை கை எழுந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்த 11 பேரில் எத்தனை என்பதைத் தனியாக.

அன்புடன்.